படம் வரையற பொண்ணு என்ன ஆவா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், காட்டுப்பள்ளிப் பகுதிக் குழு உறுப்பினர் ஒருவரின் மகளும் ஓவியக் கல்லூரி முன்னாள் மாணவியுமான சகோதரி பேசியதன் எழுத்து வடிவம். அவர் பேசிய நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



என்னை இங்கே பேசக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு குழுவில் ஒரு அக்கா மகளின் படிப்புக்குக் கடன் கேட்டார்கள். பொண்ணு பிளஸ் டூ முடித்திருக்கிறது. சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறது. குழுவில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "நர்சிங்குன்னா குடுக்கலாம், டீச்சர் ட்ரெய்னிங்குன்னா குடுக்கலாம். படம் வரையறதுக்கெல்லாமா கடன் குடுப்பாங்க? நாளைக்கு அந்தப் பொண்ணு என்ன ஆவும்?" என்று சிலர் கேட்டார்கள். தீர்மானம் எழுதாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அப்படிக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழுப் பணம் எல்லாருடைய சேமிப்பு. கேள்வி கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு பதில் சொல்லக் கூடிய ஆள் நம் ஊரில் நான் ஒருத்திதான் என்று தலைவி அக்கா சொன்னார்கள். அதனால் நான் நடந்து வந்த வழியை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். லாபத்தையும் சொல்கிறேன், நஷ்டத்தையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

எங்கள் வீட்டுக் கடன்

2012ல் இதே கேள்வி என் அம்மாவின் குழுவில் வந்தது. அம்மா கூடையில் மீனும் இறாலும் தூக்கி விற்கிறவர். அப்பா கழிமுகத்தில் வலை போடுகிறவர். நான் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கம் பூரா படம் வரைந்து அடி வாங்கியவள். என் ஓவிய ஆசிரியை ஒருவர்தான், "சென்னையில் இதுக்குன்னே அரசுக் கல்லூரி இருக்கு. பரீட்சை வை" என்று விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். வரைந்து காட்டும் தேர்வு வைத்தார்கள். இடம் கிடைத்தது.

அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரிதில்லை. தாள், நிறம், பிரஷ், பலகை, ரயில் பாஸ் என்றுதான் செலவு. அம்மா குழுவில் 10,000 ரூபாய் கேட்டார். இரண்டு பேர் எதிர்த்தார்கள். கடைசியில் ஊக்குநர் அக்கா ஒரே வார்த்தை சொன்னார்கள்: "போன வருஷம் கல்யாணத்துக்கு மைக் செட்டு, பந்தல்னு குடுத்தோம். இது படிப்புன்னு கேக்கறா. கட்டிடுவா, குடுங்க." நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி, 20 தவணை. கையெழுத்து போட்ட அன்று அம்மா என்னிடம், "நீ வரையறது எனக்குப் புரியாது. தவணை எனக்குப் புரியும்" என்றார்.

குடத்தின் வாய்

அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்தால் கல்லூரி. அந்தக் கல்லூரி 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. இரண்டு வருடத்தில் அரசு ஏற்றுக்கொண்டது. ஒரு விஷயம் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நாம் சோறு வடிக்கிற அலுமினியப் பாத்திரம் இருக்கிறதே, அதைச் செய்கிற தொழிலை 1898ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அந்த ஓவியப் பள்ளியின் பட்டறையில்தான் தொடங்கிப் பார்த்தார். அது பிறகு தனிக் கம்பெனியாகவே வளர்ந்தது. ஆக, ஓவியப் பள்ளி என்றால் சுவரில் மாட்டுகிற படம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மெரினாவில் நாலு பேர் பாறையைத் தள்ளுகிற உழைப்பாளர் சிலை தெரியுமே? 1959ல் வைத்தது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி பல வருடம் இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

முதல் வருடம் முழுக்க வரைதல். எனக்கு நன்றாக வரையத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் வாரம் ஒரு மண் குடத்தை முக்காலியில் வைத்து வரையச் சொன்னார்கள். வாயை நல்ல வட்டமாக வரைந்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "இந்தக் குடத்தை நீ மேலே இருந்து பார்க்கறியா, பக்கத்துல இருந்து பார்க்கறியா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் வாய் முட்டை வடிவமாகத் தெரியும். நம் கண் இறங்க இறங்க அது ஒடுங்கிக்கொண்டே வந்து, வாய் மட்டத்துக்குக் கண் வந்தால் வெறும் கோடாகிவிடும். வீட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தை வைத்துப் பாருங்கள்.

குடத்தின் வாய் வட்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வரைந்தேன், பார்த்ததை வரையவில்லை. இந்த ஒரு விஷயம் கையில் ஏற எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அம்மாவின் மீன் கூடையை மட்டும் முப்பது தடவைக்கு மேல் வரைந்திருப்பேன். அப்படி வரையும்போதுதான் கூடையின் ஒரு பக்கம் விளிம்பு தேய்ந்து உள்ளே மடங்கியிருப்பதைப் பார்த்தேன். அது அம்மா தலையில் இருந்து இறக்கும்போது பிடிக்கிற பக்கம். பதினேழு வருடம் அந்தக் கூடையோடு ஒரே வீட்டில் இருந்தேன். அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை.

கோலமாவு வரைபடம்

"எங்களுக்கு வரைய வராதும்மா" என்று நீங்கள் சொல்வீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழு ஆரம்பித்த காலத்தில் கிராம வரைபடம் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தெருவிலே உட்கார்ந்து, கோலமாவும் செங்கல் பொடியும் வைத்து, இது கோயில், இது குழாய், இது விதவை அக்கா வீடு, இது கூரை வீடு என்று ஊரையே தரையில் வரைந்தது யார்? எந்த வீட்டுக்கு முதலில் உதவி போகணும் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தானே முடிவு பண்ணினோம்? அதைவிடப் பயனுள்ள ஓவியத்தை நான் நாலு வருடத்தில் போடவில்லை.

யாழ்ப்பாணத்தில் தா. சனாதனன் என்று ஒரு ஓவியர் இருக்கிறார். அங்கே பல்கலைக்கழகத்தில் கலை சொல்லிக் கொடுக்கிறவர். அவர் போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் போய், நீங்கள் விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்தில் இருந்து வரையுங்கள் என்று கேட்டார். வரையவே தெரியாதவர்கள் வரைந்தார்கள். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமி அறை இங்கே என்று. அதையெல்லாம் சேர்த்து 2011ல் புத்தகமாக வந்தது. பத்திரம் தொலைந்தவர்களுக்குக்கூட அந்த வீடு இருந்தது என்பதற்கு அவர்கள் கைக்கோடு சாட்சியாக நின்றது. அந்தப் புத்தகத்தைக் கல்லூரியில் பார்த்த அன்று, நம் கரையில் துறைமுகமும் மின் நிலையமும் வருவதற்கு முன்னால் இருந்த மணல் மேட்டையும் சவுக்குத் தோப்பையும் வரைந்து தரச் சொல்லி எங்கள் ஆயாவிடம் நோட்டைக் கொடுத்தேன். ஆயா பென்சிலை விபூதி எடுக்கிற மாதிரி மூன்று விரலால் பிடித்து வரைந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

களிமண்ணும் கிளிஞ்சலும்

இரண்டாம் வருடத்தில் பிரிவு தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மண்பாண்டம், பீங்கான் செய்கிற பிரிவுக்குப் போனேன். செராமிக் என்பார்கள். "நாலு வருஷம் படிச்சு பானை வனையப் போறியா?" என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

அந்த வேலை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் களிமண்ணை ஊறவைத்து, வடிகட்டி, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசைய வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. பிறகு கையாலோ சக்கரத்திலோ உருவம் கொடுத்து, நிழலில் மெதுவாகக் காய விட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முதலில் சுருங்கி விரிசல் விடும். காய்ந்ததைச் சூளையில் வைக்கிறோம். நம் ஊர்ப் பானை சுமார் 900 டிகிரி சூட்டில் வெந்துவிடும். தண்ணீர் கசியாத கெட்டிப் பாண்டத்துக்கு 1200 டிகிரிக்கு மேலே போக வேண்டும். ஒரு தடவை சுட்டு, மேல்பூச்சு பூசி, மறுபடியும் சுடுவார்கள். அந்தப் பூச்சு உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாம் பாத்திரம் தேய்க்கிற விறகுச் சாம்பல் இருக்கிறதே, அதுவே அந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடிப் பூச்சாகிவிடும். சீனாவில் ஆயிரக்கணக்கான வருடம் முன்பே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு வீம்பு. நம் ஊர் மண்ணில் செய்ய வேண்டும் என்று கழிமுகத்துக் களிமண்ணை இரண்டு கோணியில் கட்டி ரயிலில் கொண்டு போனேன். பட்டறையில் வேலை செய்கிற பெரியவர் அதைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புக் கரிக்குதும்மா" என்றார். நான் கேட்கவில்லை. இருபத்தி நாலு சின்னப் பானை செய்தேன். காயும்போதே மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்துவிட்டுச் சூளையில் வைத்தேன். வெளியே எடுக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தன. சந்தோஷமாக வீட்டுக்கு இரண்டு கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பானையில் அம்மை போட்ட மாதிரி அங்கங்கே சில்லு தெறித்துக் குழி விழுந்திருக்கிறது. ஒவ்வொரு குழிக்குள்ளேயும் ஒரு வெள்ளைப் புள்ளி. கல்லூரியில் வைத்திருந்ததும் அதே கதி. மாதக் கணக்கில் செய்த வேலை. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா இறால் கூடையை இறக்கிவிட்டு வந்து பார்த்தார். நகத்தால் அந்த வெள்ளையைக் கிள்ளிப் பார்த்தார். "ஏண்டி, இது கிளிஞ்சலு. கிளிஞ்சல சுட்டா சுண்ணாம்பு. சுண்ணாம்புல ஈரம் பட்டா பொங்காம இன்னா பண்ணும்?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மண்ணில் இருந்த சின்னச் சின்ன கிளிஞ்சல் துண்டு சூளையில் சுண்ணாம்பாக மாறியிருக்கிறது. பிறகு காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து ஊதிப் பானையை உடைத்திருக்கிறது. மறுநாள் ஆசிரியரிடம் சொன்னேன். "உங்க அம்மா சொன்னதுதான் சரி. இதுக்குத்தான் சலிச்சு எடுக்கணும்" என்றார். பழவேற்காடு பக்கம் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஊரில் பிறந்து, எனக்கு அது தோன்றவில்லை. அதற்கப்புறம் அந்த மண்ணைப் பல தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியில் வடிகட்டி, வேறு மண்ணோடு கலந்து செய்தேன். நின்றது.

மண் வேலை செய்கிற பெண்கள் நம் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மானாமதுரையில் கடம் செய்கிற மீனாட்சி கேசவன் அம்மா சங்கீத நாடக அகாடமி விருது வாங்கியவர். கச்சேரியில் வாசிக்கிற கடம் அது. ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டித்தான் அந்தச் சுவர் ஒரே கனமாக வரும். பாண்டிச்சேரியில் 1971ல் டெபோரா ஸ்மித் அம்மாவும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் இன்று நாடு முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காய்ந்த களிமண் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். உங்களில் யாராவது மண் தொழில் தொடங்கினால் இதை மறந்துவிடாதீர்கள்.

கொலு மாதிரி ஒரு கலை

மூன்றாம் வருடம் படிக்கும்போது நாங்கள் சில மாணவிகள் சேர்ந்து கொச்சிக்குப் போனோம். 2014 டிசம்பரில் தொடங்கி 2015 மார்ச் வரை அங்கே கொச்சி-முசிறி பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடந்தது. பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் நுழைந்தவுடனே சாம்பிராணி வாசம் வந்தது. நான் கோயில் பக்கத்தில் இருக்கிறதென்று நினைத்தேன். உள்ளே ஏசுநாதர், சீடர்கள் உருவம் எல்லாம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அந்தச் சிலைகளே சாம்பிராணி, மரப்பட்டைத் தூள், வாசனைப் பொருள்களால் செய்தவை. கொச்சியின் புழுக்கத்தில் அவை மெல்ல மெல்ல இளகி உருவம் மாறிக்கொண்டிருந்தன. அதைச் செய்தவர் பெனிதா பெர்சியாள். திருவண்ணாமலையில் 1978ல் பிறந்தவர். நான் படித்த அதே கல்லூரியில் ஓவியமும் அச்சுக் கலையும் படித்தவர்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை. நம்ம ஜில்லாக்காரர் மாதிரி ஒருவர், நம்ம வீட்டில் வெள்ளிக்கிழமை போடுகிற சாம்பிராணியை வைத்து இப்படிச் செய்திருக்கிறார். சிலை உடையக் கூடாது, கரையக் கூடாது என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கரைவதையே வேலையாக வைத்திருக்கிறார்.

இதற்கு இன்ஸ்டலேஷன் என்று பெயர். தமிழில் நிர்மாணக் கலை என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நவராத்திரிக் கொலுவைப் பாருங்கள். ஒரு பொம்மையைத் தனியாக வைத்தால் பொம்மை. படி கட்டி, எது மேலே எது கீழே, எது எதைப் பார்த்து நிற்கணும் என்று அடுக்கினால் அது ஒரு கதை. ஆள் வந்து எதிரே உட்கார்ந்தால்தான் அது முழுமை. இடம், பொருள், வந்து பார்க்கிற ஆள் மூன்றும் சேர்வதுதான் இந்தக் கலை.

பறி

2016ல் கடைசி வருடக் காட்சிக்கு நான் செய்தது இது. நம் கழிமுகத்தில் பெண்கள் கையாலேயே தடவி இறால் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையும் சேற்றில் இருக்க, பனை ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, பிடித்த இறாலை அதில் போடுவார்கள். மணிக்கணக்கில் வாய் திறக்க முடியாது. அம்மா விற்கிற இறாலில் பாதி அவர்கள் பிடித்ததுதான்.

நான் கழுவி வடித்த ஊர் மண்ணில் நாற்பது பறி செய்தேன். அறையில் கயிறு கட்டி, சரியாக வாய் உயரத்தில் தொங்கவிட்டேன். யார் உள்ளே வந்தாலும் ஒரு பறி முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஒதுங்கி, குனிந்துதான் நடக்க வேண்டும். தரையில் கழுவாத உப்பு மண்ணை ஈரமாகப் பரப்பினேன். காட்சி ஏழு நாள். நாளுக்கு நாள் மண் காயக் காயத் தரையில் உப்பு வெள்ளையாகப் பூத்துக்கொண்டே வந்தது. இரண்டாம் வருடத்தில் என் பானையைக் கெடுத்த அதே உப்புதான். அதை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா, இறால் பிடிக்கிற பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறி வந்துவிட்டார். எனக்குக் கை கால் உதறியது. ஆசிரியர்கள் போடுகிற மார்க்கைவிட இவர்கள் என்ன சொல்வார்களோ என்றுதான் பயம். அதில் வயதான ஆயா ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பறியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரிதான் கண்ணு. ஆனா நேரா தொங்குது பாரு, அதான் தப்பு. தண்ணியில வாயில கடிச்சிருக்கும்போது இப்படியா நேரா தொங்கும்? மெதந்து முன்னால சாயும். அந்த இழுவைதான் கழுத்து வலி."

நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய திருத்தம் அதுதான். அன்று ராத்திரி காவலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, நாற்பது கயிற்றையும் அவிழ்த்துச் சாய்த்துக் கட்டினேன். மறுநாள் அறைக்குள் வந்தவர்கள் தானாகவே கழுத்தைத் தடவிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

காட்சி முடிந்தது. அம்மா கேட்டார்: "இதை யாரும் வாங்கலையா?" யாரும் வாங்கவில்லை. மண்ணைக் கோணியில் அள்ளி எடுத்து வந்து மறுபடியும் கழிமுகத்தில் போட்டேன். பறியில் நாலைந்தை அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சோறு போடுமா?

இப்போது நீங்கள் காத்திருக்கிற கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொல்கிறேன். என் 10,000 ரூபாய்க் கடனை ஓவியம் கட்டவில்லை. அம்மாவின் மீன் கூடைதான் கட்டியது. 20 தவணை, ஒன்று கூடத் தவறவில்லை.

படிப்பு முடிந்து ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பழகுகிறாய் என்று சொல்லி மூன்று மாதம் சம்பளம் தரவில்லை. விட்டுவிட்டேன். அங்கன்வாடிச் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் படம் எழுதினேன். சதுர அடிக் கணக்கில் கூலி. பிறகு இரண்டு பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குக் களிமண் வகுப்பு. இப்போது சின்னதாக ஒரு மின்சூளை வைத்திருக்கிறேன். டம்ளர், கிண்ணம், வீட்டுச் சுவருக்குப் பதிக்கிற ஓடு செய்து கொடுக்கிறேன். ஆர்டர் வருகிற மாதம் கை நிறைய வரும். வராத மாதம் அம்மாவோடு சேர்ந்து கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். நர்சுக்கு வருகிற மாதிரி ஒன்றாம் தேதி சம்பளம் இதில் இல்லை. அதை மறைத்து உங்களிடம் கடன் கேட்டால் அது ஏமாற்று.

ஆனால் இதைத் தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை என்பதை நான் ஒரு பழைய கதையில் இருந்து கற்றேன். 1960களில் நம் கல்லூரியில் படித்த ஓவியர்களுக்கும் இதே பாடுதான். படம் விற்காது, வேலை கிடைக்காது. அப்போது முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் அவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். துணியில் பாத்திக் சாயம் போட்டும் கைவினைப் பொருள் செய்தும் விற்றார்கள். வந்த பணத்தைச் சேர்த்து 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்றைக்கும் இருக்கிறது. பகலில் விற்பதற்கு வேலை, மற்ற நேரத்தில் தன் மனசுக்கு வேலை. யோசித்துப் பாருங்கள், சேமிப்பு, கூட்டுத் தொழில், பொது நிலம்: நம் மகளிர் குழு வேறு என்ன?

அதே காலத்தில் அங்கே படித்த டி.கே. பத்மினி என்ற பெண்ணையும் சொல்ல வேண்டும். கேரளத்துப் பொன்னானியில் இருந்து வந்தவர். அபாரமாக வரைந்தார். 1969ல் முப்பது வயது முடியும் முன்பே பிரசவத்தில் இறந்துபோனார். குறுகிய காலத்தில் அவர் வரைந்தவற்றை இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் என்ன வரைந்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். பெண் பிள்ளையின் திறமைக்கு நேரம் ரொம்பக் குறைவு. நாமும் தள்ளிப் போட்டால் இன்னும் குறைந்துவிடும்.

அந்த அக்காவுக்கும் குழுவுக்கும்

கடைசியாக, கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, அரசு ஓவியக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. சிலை வேலைக்கு மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. ஓவியப் பட்டப் படிப்பு நாலு வருடம். வரைந்து காட்டும் தேர்வு உண்டு. தேதி, கட்டணம் எல்லாம் வருடா வருடம் மாறும். இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காமல், பொண்ணைக் கூட்டிக்கொண்டு நேரே கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

இரண்டு, பொண்ணு தினம் ஒரு பொருளைப் பார்த்து வரையட்டும். சினிமா நடிகர் படத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பது தேர்வில் உதவாது. அடுப்பு, செருப்பு, உறங்குகிற தம்பி, வலை பின்னுகிற தாத்தா கை, இதையெல்லாம் வரையட்டும்.

மூன்று, கடனை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். வருடத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள். பொருள் வாங்கிய ரசீதைப் பொண்ணு குழுவில் காட்டட்டும். வருடக் கடைசியில் தான் செய்த வேலையைக் கொண்டுவந்து குழுக் கூட்டத்தில் வைக்கட்டும். நீங்கள் பார்த்துக் குறை சொல்லுங்கள். ஆயா எனக்குச் சொன்ன மாதிரி.

நாலு, கூடவே ஒரு கைத்தொழிலையும் பழகட்டும். மண் வேலை, துணியில் அச்சு, சுவர் எழுத்து, எதுவானாலும் சரி.

"படம் வரையற பொண்ணு என்ன ஆவா?" என்று கேட்டீர்கள். பணக்காரி ஆவாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாவின் கூடை விளிம்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவள் ஆவாள். இந்தக் கழிமுகத்தில் இறால் பிடிக்கிற பெண்ணின் கழுத்து எங்கே வலிக்கிறது என்று, இந்த ஊருக்கு வந்தே இராத ஆட்களுக்குக் காட்டத் தெரிந்தவள் ஆவாள். நம் கரை வேகமாக மாறுகிறது. இங்கே இருந்ததையும் இருப்பதையும் பார்த்து வைக்க நம் வீட்டுப் பொண்ணு ஒருத்தியாவது வேண்டாமா?

அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னார்கள். நானும் வருகிறேன். அந்தப் பொண்ணின் நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.